பீடத்தின் அடியில் ஒரு காசு

மாசித் தூறல் தொடங்கிவிட்டால் ஹாய்ஃபோங் துறைமுக நகரத்து வீடுகளில் தரை வியர்க்கும். சுவர் வியர்க்கும். மாடிப்படியின் கைப்பிடி வியர்க்கும். ஓரிடத்தைத் துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வதற்குள் முன்பு துடைத்த இடம் மறுபடி நனைந்திருக்கும். கடலின் ஈர மூச்சு கதவிடுக்கு வழியே நுழைந்து கல்லையும் கண்ணீர் வடிக்க வைக்கும் பருவம் அது.

அப்படியொரு காலையில்தான் ஹியெப்பின் இரண்டாம் நினைவுநாள் விடிந்தது.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு ஹியெப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். துறைமுகத்தில் இழுவைப் படகின் தலைவராக இருக்கும் வின்னுக்கும், தெருமுனை மருந்துக்கடை லோவானுக்கும் அவன் மூத்த மகன். பின்லாந்து நாட்டின் தம்பெரே நகருக்குப் படிக்கப் போனான். பனி இளகத் தொடங்கிய நாளொன்றில், உறைந்த ஏரியின் குறுக்கே நடந்தான். பனிக்கட்டி அவன் எடையைத் தாங்கவில்லை. கட்டி முழுவதும் உருகிய பிறகே ஏரி அவனைத் திருப்பிக் கொடுத்தது. வின் போய்ச் சாம்பலை வாங்கி வந்தார். ஏரிக்கரைப் பக்கம் அவர் போகவில்லை. போனால் தானும் இறங்கிவிடுவோம் என்று அஞ்சினார்.

சாம்பல் வந்துவிட்டது. மகன் வந்தானா? லோவானின் நெஞ்சில் இரண்டு ஆண்டாகச் சுழல்வது இந்த ஒரு கேள்விதான். நீரில் மாய்ந்தவனின் உயிர், கரையில் நின்று தன்னுடைய ஆள் பெயர் சொல்லி அழைக்கும்வரை நீரிலேயே கிடக்கும் என்பது இந்தக் கடலோரத்து நம்பிக்கை. அழைப்பவர் பெற்றவராக இருக்கக்கூடாது. மூத்தவர் இளையவருக்குச் சடங்கு செய்வதும் தலை வணங்குவதும் முறையில்லை. தம்பி செய்யவேண்டும், அல்லது தங்கை செய்யவேண்டும்.

இருப்பது ஒரே தங்கை. பெயர் மியென். பள்ளிப்படிப்பின் கடைசி ஆண்டு.

மியெனுக்கு இரண்டு ஊர்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று தைவானின் தென்கோடி. மற்றொன்று தம்பெரே. அங்கே விண்ணப்பிக்க வைத்தவள் லோவான். சென்ற வாரம் அடுக்களையில் அம்மா அழுதபோது மியென் மறுக்கத் தெரியாமல் தலையை அசைத்துவிட்டாள். லோவான் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். வின் கொதித்தார். வாதம் முற்றி, இருவரும் சலித்து, கடைசியில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஹியெப்பையே கேட்டுவிடுவோம். நினைவுநாளன்று அவன் பீடத்துக்கு முன் தங்கை இரண்டு காசுகளைப் போட்டுக் கேட்கட்டும். அவன் சொல்வதுதான் முடிவு.

தம்பெரேவுக்கு இன்று மாலைக்குள் பதில் போயாக வேண்டும்.

*

"சொல்லிப் பாரு" என்றாள் லோவான். நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தம்மா?"

"பீடத்துக்கு முன்னால என்ன கேப்பே?"

மியென் முட்டைக்கோசு நறுக்குவதை நிறுத்தவில்லை. "அண்ணா, நான் உன் ஊருக்கு வரட்டுமான்னு கேப்பேன்."

"உன் ஊருன்னு சொல்லாத. அது அவன் ஊரா? நீ இருக்கற இடத்துக்கு வரட்டுமான்னு கேளு. தெளிவாக் கேக்கணும். பாதிக் கேள்வி கேட்டா பாதிப் பதில்தான் வரும்."

"சரிம்மா."

"குரலையும் கொஞ்சம் தூக்கு. கோழி முணுமுணுக்கற மாதிரி கேட்டா எவனுக்குக் கேக்கும்?"

அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சிவப்பேறிய பசையரிசிச் சோறு ஆவி விட்டது. ஹியெப்புக்குப் பிடித்த நண்டுப் பொரியலுக்காகத்தான் லோவான் விடியும் முன்பே சந்தைக்குப் போய் வந்தாள். அரிசித் தாளில் நண்டுச் சதையை வைத்துச் சதுரமாக மடித்தாள். அந்த விரல்கள் பிழை செய்யவில்லை. முகம் மட்டும் வேறெங்கோ இருந்தது.

"அம்மா, அங்க எனக்குக் கிடைச்சது நர்சிங்..."

"நர்சுக்கென்ன குறைச்சல்? மருந்துக்கடைக்காரி பொண்ணு நர்சானா ஊரு சிரிக்குமா?"

"சிரிக்காதும்மா. ஆனா தைவான்ல கால்நடை மருத்துவம் கிடைச்சிருக்கு. அதுக்குத்தான் நான் ரெண்டு வருஷமா..."

"மாட்டுக்கு ஊசி போட ஆயிரம் பேரு கிடைப்பான்" என்றாள் லோவான், தலை நிமிராமல். "இவனுக்கு ஒரு ஊதுபத்தி ஏத்த யாரு இருக்கா?"

மியென் கோசை மேலும் பொடியாக நறுக்கினாள். அவ்வளவு பொடி தேவையே இல்லை.

"ஒரு தடவை போய்க் கூப்பிட்டுட்டு வந்துடறேனே? லீவுல போயிட்டு..."

"கூப்பிட்ட உடனே வர்ற புள்ளையா அவன்? சாப்பிட வாடான்னு எத்தனை தடவை கத்துவேன், மறந்துட்டியா? மூணு மாடிக்கும் கேக்கும், அவனுக்கு மட்டும் கேக்காது." லோவான் சிரிப்பது போல உதட்டை இழுத்தாள். "பக்கத்துலயே இருக்கணும். கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் வருவான்."

தாய்மை என்பது இவ்வளவு இருள் படிந்த நீராகவும் இருக்கும் என்று மியென் அதற்கு முன் எண்ணியதில்லை. குனிந்து பார்த்தாள், அடி தெரியவில்லை.

*

வின் வந்தபோது மழைச்சட்டையிலிருந்து நீர் சொட்டியது. பெரிய கப்பல்களைக் காம் ஆற்றின் முகத்துவாரம் தாண்டி இழுத்துச் சென்று, வெளிக்கடல் வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்புவது அவர் தொழில். முன்பெல்லாம் கயிற்றை அவிழ்த்ததும் சங்கு ஊதிவிட்டுத்தான் திரும்புவார். இப்போது ஊதுவதில்லை என்று படகிலிருப்பவர்கள் சொல்கிறார்கள்.

கையில் ஒரு தாள் பொட்டலம். விரல் தடிமனான காரரொட்டிகள். ஹியெப் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் தின்றுகொண்டே வருவான்.

படியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றியவர், மியென் கீழிறங்கி வருவதைக் கண்டு சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"பயமா இருக்கா?"

"கொஞ்சம்."

"பயப்படாத. உங்கண்ணன் உன்ன அங்க கூப்பிடவே மாட்டான். எனக்குத் தெரியாதா அவன?"

"கூப்பிட்டா?"

"மாட்டான்னு சொல்றேன்ல." குரலைத் தாழ்த்தினார். "உன்ன சைக்கிள்ல பின்னால வச்சுக்கிட்டுப் போவான் ஞாபகமிருக்கா? பள்ளம் வந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவான். நீ இறங்கறேன்னாலும் விடமாட்டான். அப்படிப்பட்டவனா அந்தப் பனிக்கட்டிக்கு உன்னக் கூப்பிடுவான்? உங்கம்மா போடச் சொன்னா, போடு. நான் நிம்மதியாத்தான் இருக்கேன்."

நிம்மதியாக இருப்பவரின் கை காலுறையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தது.

"அப்பா, தைவான்ல நான் என்ன படிக்கப் போறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏதோ டாக்டருக்குன்னு சொன்னியே."

"நாய், மாடு, பன்னி. அதுங்களுக்கு டாக்டர்."

"நல்லதுதான். பன்னி கேஸ் போடாது." சிரித்தார். சிரிப்பு நிற்பதற்குள் கண் கலங்கியது. "என்ன படிச்சா என்னம்மா? காலையில கிளம்பினா மத்தியானச் சோத்துக்கு வீடு வந்துடலாம். அங்க எந்தத் தண்ணியும் உறையாது. எனக்கு அது போதும்."

மியென் எழுந்து அவர் மழைச்சட்டையை வாங்கி மாட்டினாள். அவளுக்கு ஒரு பல்கலைக்கழகம் தேர்ந்து தரத்தான் வீடு முழுவதும் இத்தனை மாதம் உழைத்தது. தாய் ஒரு ஏரியைத் தேர்ந்தாள். தந்தை ஏரி உறையாத ஓர் ஊரைத் தேர்ந்தார். அங்கே போய் அவள் படிக்கவும் வேண்டும் என்பது இருவருக்கும் நினைவில்லை.

ஒருவனுக்கு நினைவிருந்தது. கடைசியாகத் திரையில் பேசியபோது ஹியெப் கேட்டான்: "ஏய் தவளை, பெரியவளாகி என்ன பண்ணப் போறே?"

"நாய்க்கு டாக்டராகப் போறேன்."

"அப்ப எனக்குக் காய்ச்சல் வந்தா நீதான் ஊசி போடணும்."

"உனக்குக் குதிரைக்குப் போடற ஊசிதான்."

அவன் பின்னால் சன்னலில் ஏரி வெண்மையாகக் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது.

*

நண்பகலுக்குச் சற்று முன் பெரியப்பா தோங் வந்தார். வின்னின் அண்ணன்; குடும்பத்துக்கு மூத்தவர். சடங்கில் ஒரு சிறு பிழையும் பொறுக்கமாட்டார். பசியும் பொறுக்கமாட்டார்.

"என்ன தம்பி, இழுவைப் படகு வச்சிருக்கே, என்ன மாடி வரைக்கும் இழுத்துட்டுப் போகக்கூடாதா? மூணு மாடி ஏறி வந்தா ஆவி பக்கத்துல நானும் உக்கார வேண்டியதுதான்" என்று மூச்சிரைத்துக்கொண்டே சொன்னார்.

உச்சி மாடியில் முன்னோர் பீடம் சுவரின் உயரத்தில் இருந்தது. ஹியெப்பின் பீடம் அதற்கு எதிரே தாழ்வாக, கனத்த கருமரப் பெட்டியொன்றின்மேல் இருந்தது. இளையவனல்லவா? இறந்த பிறகும் தன் இடம் தெரிந்து உட்கார்ந்திருந்தான். படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். சுவரிலிருந்து வழிந்த ஈரம் படத்தின் கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்திருந்தது.

மியென் தட்டுகளை வைத்தாள். கோழி, சிவந்த சோறு, நண்டுப் பொரியல், காரரொட்டி, அவன் குடிக்கும் குளிர்பானம். ஊதுபத்திகளைக் கொளுத்திச் சாம்பல் கிண்ணத்தில் நட்டாள். ஈரக் காற்றில் புகை மேலே ஏற மறுத்துப் படத்தைச் சுற்றியே தயங்கியது.

அவள் தரையில் மண்டியிட்டு நெற்றி படிய வணங்கினாள். பெற்றவர்கள் பின்னால் நின்றார்கள். கைகளைக்கூட அவர்கள் குவிக்கவில்லை. குவிக்கக்கூடாது. தாயும் தந்தையும் வணங்கினால் பிள்ளைக்குத்தான் பாவம் சேரும். லோவான் தன் இரு கைகளையும் சட்டைப் பைக்குள் திணித்து, உள்ளே பிசைந்துகொண்டிருந்தாள்.

"காசு எடு" என்றார் தோங்.

பழங்காலத்துச் செப்புக் காசுகள் இரண்டு. ஒருபுறம் சுண்ணாம்பு பூசி வெளுத்தது. மறுபுறம் காலத்தால் கருத்தது. சிறு தட்டில் போடவேண்டும். ஒன்று வெள்ளை ஒன்று கருப்பு என விழுந்தால் 'ஆம்'. இரண்டும் ஒரே நிறமானால் 'இல்லை'. மும்முறை கேட்கலாம். மூன்றும் இல்லையென்றால் இல்லைதான்.

மியென் காசுகளை உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நீ இருக்கற இடத்துக்கு நான் வரட்டுமா?"

குரல் கோழி முணுமுணுப்பது போலத்தான் வந்தது. ஆனால் அந்த அறையில் அதைவிடப் பெரிய ஓசை வேறொன்றும் இல்லை.

காசுகள் தட்டில் துள்ளி அடங்கின. இரண்டும் கருப்பு.

வின் மூக்கு வழியாக நெடுமூச்சு விட்டார்.

"இன்னொரு தடவை" என்றாள் லோவான்.

மறுபடி கேட்டாள். மறுபடி போட்டாள். இம்முறை இரண்டும் வெள்ளை.

"சிரிக்கறான்" என்றார் தோங். "இது கேலி பண்ற சிரிப்பு. இல்லேங்கறதத்தான் சிரிச்சுக்கிட்டே சொல்றான்."

"நான் சொன்னேன்ல" என்றார் வின் மெல்ல. "நான் சொன்னேன்ல, லோவான்."

"இன்னும் ஒண்ணு இருக்கு."

லோவானின் குரலில் இருந்தது வேண்டுதல் அல்ல, ஆணையும் அல்ல. வெள்ளத்தில் போகிறவள் கைக்கெட்டிய கிளையைப் பற்றுகிற குரல். மியென் காசுகளைத் தட்டிலிருந்து எடுத்தாள். 'அண்ணா, வேண்டாம்னு சொல்லேன்' என்று உள்ளே ஒரு வாய் கேட்டது. 'வான்னு சொல்லேன்' என்று இன்னொரு வாயும் உள்ளே திறந்தது. இரண்டாவதுதான் அவளை அச்சுறுத்தியது.

மூன்றாம் முறை போட்டாள்.

ஒரு காசு தட்டில் விழுந்து கருப்பாக நின்றது. மற்றது விளிம்பில் பட்டுத் தெறித்தது. வியர்த்த தரையில் சர்ரென்று வழுக்கி, பெட்டியின் அடியில் இருந்த இருட்டுக்குள் புகுந்து மறைந்தது.



தட்டில் இருப்பது கருப்பு. உள்ளே கிடப்பது கருப்பானால் ஹியெப் மறுத்துவிட்டான். வெள்ளையானால் அழைக்கிறான்.

முதலில் அசைந்தவள் லோவான். பெட்டியை நோக்கிப் பாய்ந்து முழங்காலை மடக்கினாள்.

"குனியாத!" தோங் அதட்டியதில் ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்தது. "நீ பெத்தவ, லோவான். பெத்தவ புள்ள பீடத்துக்கு முன்னால தரையில விழலாமா? அவன இன்னும் கீழ தள்ளப் போறியா?"

"அப்ப பெட்டிய நகத்துங்க."

"சாம்பல் கிண்ணம் மேல இருக்கையிலயா? பத்தி எரியறப்ப பீடத்த அசைச்சா அவன் உக்கார இடமில்லாமப் போயிடுவான். போட்டவளே பாக்கட்டும். மியென், படுத்துப் பாரு."

மியென் கைபேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தாள். ஈரம் சட்டையை ஊடுருவி வயிற்றைத் தொட்டது. கன்னத்தைத் தரையோடு ஒட்டினாள். பெட்டிக்கும் தரைக்கும் இடையே ஒரு கை நுழையலாம். அதற்கு மேல் இடமில்லை. ஒட்டடை, பழைய பத்திக் குச்சிகள், சுவரோரம் காசு.

வெள்ளை.

ஐயத்துக்கு இடமே இல்லாத வெள்ளை. ஈரம் பட்டு, சுண்ணாம்பு புதிதாகப் பூசியதுபோல் மின்னியது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கண் திறந்து அவளைப் பார்த்தது.

'ஏய் தவளை' என்று யாரோ கூப்பிட்டது போலிருந்தது.

அந்தக் குளிர்ந்த தரை ஒரு கணம் ஏரியாயிற்று. அடியில் கிடப்பவன் மேலே பார்க்கிறான். மேலே கிடப்பவள் கீழே பார்க்கிறாள். நடுவே ஒரு மெல்லிய கட்டி. அவள் ஒரு சொல் சொன்னால் போதும், உடைந்துவிடும்.

"என்னம்மா?" என்று வின் கேட்டார்.

மியென் கையை உள்ளே நீட்டினாள். விரல்நுனிக்கும் காசுக்கும் இடையே கொஞ்சம் தூரம் மிஞ்சியது.

"எட்டல."

"எட்டாட்டி விடு. நெறத்தச் சொல்லு" என்றார் தோங்.

அவள் விளக்கை அணைத்தாள்.

"கருப்பு."

பின்னால் ஏதோ சரிந்தது. வின்தான். சுவரில் சாய்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டு, "எம் புள்ள" என்றார். "எம் புள்ள! தங்கச்சிய விடமாட்டான்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்." இரண்டு ஆண்டாக அவர் மகனை நினைத்து வாய்விட்டு அழுததில்லை. இப்போது குழந்தைபோல் விம்மினார். மகன் நல்லவன் என்று தெரிந்துகொண்ட தந்தையின் அழுகை அது.

மியென் எழுந்திருக்காமல் சிறிது நேரம் அப்படியே கிடந்தாள். திரும்பினால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

பார்த்தாள். லோவான் அழவில்லை. சட்டைப் பையிலிருந்து கைகளை வெளியே எடுத்திருந்தாள். பிசைவதற்கு இனி ஒன்றுமில்லை என்பதுபோல அவை தொங்கின.

"மூணு தடவையும் இல்லேன்னுட்டான்" என்றார் தோங். "சொல்லவேண்டியதச் சொல்லிட்டான். சாப்பிட்டு முடிச்சானான்னு போட்டுக் கேக்க இன்னொரு காசு இல்ல. பத்தியும் முக்கால்வாசி எரிஞ்சுபோச்சு. தட்டெல்லாம் எறக்குங்க. அவன் சாப்பிட்டிருப்பான். எனக்குத்தான் கண்ணு இருட்டுது."

*

சாப்பாட்டின்போது வின் நெடுநாளைக்குப் பிறகு இரண்டாம் கிண்ணம் சோறு வாங்கினார். தைவானில் வெயில் எப்படி, மழை எப்படி என்று பேசினார். எந்தக் கப்பல் எந்த நாள் அங்கே போகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தோங் கோழித்தொடையைக் கடித்துக்கொண்டே, "பன்னிக்கு டாக்டருன்னா நம்ம வீட்டுக்கு வரப்போற மாப்பிள்ளைக்கும் வைத்தியம் பாத்துக்கலாம்" என்றார். வின் சிரித்தார். மியெனும் சிரிக்க முயன்றாள்.

லோவான் எல்லாருக்கும் பரிமாறினாள். ஹியெப்புக்குப் படைத்த நண்டுப் பொரியலில் பெரிய துண்டை மியெனின் கிண்ணத்தில் வைத்தாள். ஆறிப்போயிருந்தது. எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. மியென் அதைக் கடித்து, மெல்லாமல் விழுங்கினாள்.

பிற்பகலில் பெரியப்பா கிளம்பினார். அப்பா அயர்ந்து உறங்கினார். அம்மா கடையைத் திறக்கப் போவதாகச் சொன்னாள். மியென் தன் அறையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பெரேவிலிருந்து வந்த பக்கத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்த இடத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? அந்தக் கேள்விக்குக் காசு தேவையில்லை. ஒரு விரல் போதும்.

மறுத்தாள்.

திரை நன்றி சொன்னது. அவ்வளவுதான். அந்த ஊர் அவள் வாழ்விலிருந்து நீங்கிவிட்டது. விரும்பிய படிப்பு கைக்கு வந்துவிட்டது. மகிழ்ச்சி எந்த நேரமும் வந்துவிடும் என்று சற்றுக் காத்திருந்தாள். வந்தது வேறு ஒன்று.

அண்ணன் கூப்பிட்டான். கூப்பிட்ட உடனே வராதவன், தானே வாய் திறந்து கூப்பிட்டான். அவளோ காதில் விழாததுபோல் இருந்துவிட்டாள். அதோடு நின்றாளா? அவன் பெயரிலேயே பொய்யும் சொன்னாள். அப்பா அந்தப் பொய்யின்மேல் தலைவைத்து உறங்குகிறார்.

அந்தக் காசு இன்னும் அங்கே கிடக்கிறது.

திடுக்கிட்டு எழுந்தாள். ஒட்டடைக் கோலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். எடுக்கவேண்டும். எடுத்துத் துடைத்து, மற்றதன் பக்கத்தில் கருப்பாகத் திருப்பி வைத்துவிடவேண்டும். பிறகு ஒருவருக்கும் ஒருநாளும் தெரியப்போவதில்லை.

சன்னலில் அந்தி மங்கிக்கொண்டிருந்தது. ஊதுபத்திகள் எரிந்து முடிந்து சிவந்த குச்சிகளாக நின்றன. அவள் தரையில் படுத்து விளக்கைப் பிடித்தாள்.

பெட்டியின் அடியில் ஒன்றுமில்லை.

ஒட்டடையும் இல்லை. பழைய குச்சிகளும் இல்லை. யாரோ தோள் வரை கையை விட்டுத் துழாவியதுபோல் ஈரத்தில் ஒரு நீண்ட தடம் மட்டும் இருந்தது. பெட்டியின் முன்னால், தரையின் வியர்வை ஓர் ஆள் நீளத்துக்கு ஒற்றி எடுக்கப்பட்டிருந்தது. தலை, தோள், இடுப்பு, முழங்கால். குப்புற விழுந்து கிடந்த ஒருவரின் வடிவம். மறுபடி வியர்க்கத் தொடங்கிய கல் அந்த வடிவத்தை ஓரங்களிலிருந்து மெல்ல அழித்துக்கொண்டிருந்தது.

மியென் நிமிர்ந்தாள்.

பீடத்தின்மேல், படத்துக்கு நேர் முன்னால் தட்டு இருந்தது. தட்டில் இரண்டு காசுகள். ஒன்று கருப்பு. ஒன்று வெள்ளை.

விழுந்தது விழுந்தபடியே வைக்கப்பட்டிருந்தது.

*

கீழே விளக்கெரிந்தது. வின் உறக்கம் கலைந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். லோவான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கடை திறக்கப்படவே இல்லை.

மியென் கடைசிப் படியில் நின்றாள். அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கொண்டையில் ஓர் ஒட்டடை இழை ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா தட்டை வைக்கத் திரும்பியபோது, சட்டையின் முன்புறம் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே ஈரமாக இருப்பது தெரிந்தது. பாத்திரம் கழுவினால் அவ்வளவு நனையாது.

பீடத்துக்கு முன் விழக்கூடாதவள் விழுந்திருக்கிறாள்.

"லோவான், அந்தக் காச எடுத்தாச்சா?" என்று வின் கேட்டார். "அப்படியே கிடந்தா நல்லாயிருக்காது."

மியெனின் கை கைப்பிடியை இறுகப் பற்றியது. அதுவும் வியர்த்திருந்தது.

"எடுத்துட்டேன்" என்றாள் லோவான்.

"படுத்தா எடுத்தே?"

"தொடப்பத்தால தள்ளி எடுத்தேன்."

"பாத்தியா? கருப்புதானே?"

லோவான் குழாயை மூடினாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். ஒரு விரலையும் விடாமல், இடுக்கெல்லாம் துடைத்தாள். மியெனை நோக்கி ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் சினம் இருந்திருந்தால் மியென் தாங்கியிருப்பாள்.

"கருப்புதான்" என்றாள் லோவான்.

வின் நிறைவோடு தேநீரை ஊதினார். "நான்தான் சொன்னேனே. எம் புள்ளய எனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் அவள். மியெனின் பக்கம் ஒரு கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "வா, வந்து சாப்பிடு. மத்தியானம் நீ ஒண்ணும் சாப்பிடல."

மியென் வந்து உட்கார்ந்தாள். துறைமுகத்தின் பக்கம் ஏதோ கப்பலின் சங்கு நீளமாக ஊதி ஓய்ந்தது.

"என்னங்க" என்றாள் லோவான், சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "பாஸ்போர்ட்டு எடுக்கணும்னா எங்க போகணும்?"

"அவளுக்குத்தான் இருக்கே. போன வருஷமே எடுத்துட்டோமே."

"அவளுக்கில்ல."

வின் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்பறம் யாருக்கு?"

"எனக்கு" என்றாள் லோவான். "ஒருத்தன் கூப்பிட்டா வீட்டுலேர்ந்து யாராவது போகணும்ல?"